.222 ரெமிங்டனா, .223 ரெமிங்டனா: இரண்டையும் சரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

பழைய ரைஃபிள்கள் விற்கும் கடையில் ஒரு சாகோ விக்சனோ ரெமிங்டன் 722-ஓ கண்ணில் படும், குழலில் .222 என்று தோட்டாவின் பெயர் பொறித்திருக்கும், விலையும் கையைக் கடிக்காது. பக்கத்திலேயே புத்தம் புதிதாக ஒரு .223 நிற்கும். எதை எடுப்பது? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உரிமம் வைத்துச் சுடுகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரே வரிதான்: ".223 எடு, தோட்டா எங்கேயும் கிடைக்கும்." தப்பான பதில் இல்லை. ஆனால் அது யாருக்குச் சரி, யாருக்குச் சரிப்படாது என்று தெரிய வேண்டுமென்றால் நாலைந்து விஷயங்களை நாமே பார்க்கப் பழக வேண்டும். அவற்றில் குண்டைச் சுழற்றும் குழலின் முறுக்குதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் கருத்து. தோட்டாப் பெட்டியில் அச்சடித்த வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் அதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒப்பிட ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மற்ற எதையும் படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

முதலில் பாதுகாப்பு

.222, .223 என்ற எண்களைப் பார்த்தால் குண்டின் தடிமனில் ஒரு நூலளவு வித்தியாசம் போலத் தோன்றும். அப்படி எதுவும் கிடையாது. இரண்டுமே .224 அங்குலம், அதாவது சுமார் 5.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே குண்டைத்தான் சுடுகின்றன. வித்தியாசமெல்லாம் பித்தளைக் கூட்டில் இருக்கிறது. .222-இன் கூடு 43.18 மில்லிமீட்டர் நீளம், .223-இன் கூடு 44.70. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கூட்டின் தோள், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் பகுதி, இருக்கும் இடம் இதை விட அதிகமாகத் தள்ளிப் போகிறது. அடியிலிருந்து தோள் தொடங்கும் இடம் வரை .222-இல் சுமார் 32 மில்லிமீட்டர், .223-இல் 36.5.

இதனால் என்ன ஆகும் என்றால், .223 தோட்டாவை .222 சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் வைத்தால், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடாது. மூடவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது. இதற்கு நேர்மாறானதுதான் உண்மையான ஆபத்து. .222 தோட்டா .223 சேம்பருக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும், போல்ட்டும் மூடும். ஆனால் தோளுக்கு முன்னால் நாலு மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கும். சுட்டால் கூடு அந்த இடத்தை நிரப்ப விரிந்து கிழியலாம், சூடான வாயு பின்பக்கமாக, சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரலாம். அதனால் வீட்டில் இரண்டு ரைஃபிளும் இருந்தால் தோட்டாக்களை வேறு வேறு பெட்டியில், முடிந்தால் வேறு வேறு அலமாரியில் வையுங்கள். ரேஞ்சுக்குப் போகும் நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள்.

அடையாளம் காண்பது எளிது. கூட்டின் அடியில் 222 ரெம், 223 ரெம் என்று முத்திரை இருக்கும். முத்திரை தேய்ந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கழுத்தைப் பாருங்கள். .222-இன் கழுத்து நீண்டது, கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். .223-இன் கழுத்து 5 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும். சந்தேகம் இருந்தால் வெர்னியர் வைத்து அளங்கள், அதற்கும் சந்தேகம் தீரவில்லை என்றால் சுடாதீர்கள்.

பழைய குழலில் பொறித்திருப்பதை மட்டும் நம்பி விடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். .222 சேம்பரை ரீமர் வைத்துக் குடைந்து .223 ஆக்குவது எளிது, பலர் செய்திருக்கிறார்கள். மாற்றியவர் குழலில் இருக்கும் எழுத்தை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்து வாங்குகிறவருக்கு அது பொறி. கைமாறி வந்த ரைஃபிள் எதுவாக இருந்தாலும் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆளிடம் கொடுத்து சேம்பரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவை ரைஃபிளின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இரண்டும் எதற்காகப் பிறந்தன

1950-க்கு முன் சிறிய காலிபரில் (குழல் விட்டத்தில்) சுட நினைத்த அமெரிக்கருக்கு ஒரு பக்கம் .22 ஹார்னெட் இருந்தது, அமைதியானது ஆனால் எட்டிப் போகாது. இன்னொரு பக்கம் 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் இருந்தது, குண்டை நொடிக்கு 4,000 அடிக்கு மேல் அனுப்பும், குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று பெயர் வாங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய இடைவெளியில் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் .222-ஐக் கொண்டு வந்து வைத்தார். வேறு எந்தப் பழைய கூட்டையும் வெட்டிச் சுருக்கிச் செய்ததல்ல, வெற்றுத்தாளில் வரைந்து உருவாக்கிய கூடு அது. வாக்கரே, ரைஃபிளை மேசையில் தாங்க வைத்துத் துல்லியம் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் சுடுகிறவர் என்பதால் அந்தக் கூட்டின் ஒவ்வொரு அளவிலும் துல்லியம்தான் குறி. 722 ரைஃபிளோடு 1950-இல் சந்தைக்கு வந்தது, வந்த வேகத்தில் பெஞ்ச்ரெஸ்ட் மேசைகளைப் பிடித்தது. 1970களின் நடுவில் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் பிபிசி (PPC) என்ற புதிய கூட்டைக் கொண்டு வரும் வரை, கால் நூற்றாண்டு அந்த இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

.223-இன் கதை வேறு. 1957 வாக்கில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய காலிபர் ரைஃபிள் கேட்டது. 500 கெஜத்திலும் குண்டு ஒலியை விட வேகமாகப் பறக்க வேண்டும், அந்தத் தூரத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆர்மலைட் நிறுவனத்தின் யூஜீன் ஸ்டோனர் முதலில் .222-ஐத்தான் எடுத்துப் பார்த்தார். அழுத்தத்தை எல்லை மீறி ஏற்றாமல் அந்த வேகம் வரவில்லை. எனவே கூட்டை நீட்டினார்கள், தோளை முன்னால் தள்ளினார்கள், வெடிமருந்துக்கு இடம் கூடியது. .222 ஸ்பெஷல் என்று முதலில் அழைத்தார்கள், 1959-இல் .223 ரெமிங்டன் ஆனது. அதே வேளையில் .222 ரெமிங்டன் மேக்னம் என்று இன்னும் நீண்ட ஒரு தம்பியும் 1958-இல் வந்தது, பெயர் ஒத்திருப்பதால் அதையும் இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஸ்டோனரின் ரைஃபிள் எம்16 என்ற பெயரில் ராணுவத்துக்குள் போனதும் கதை முடிந்தது. 1964-இல் .223 பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. ராணுவம் சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகள் மலிவாகக் கிடைத்தன, அதே குடும்பத்து ஏஆர்-15 ரைஃபிள்கள் பெருகின, பிறகு 1980-இல் நேட்டோ நாடுகள் இதன் உடன்பிறப்பான 5.56-ஐப் பொதுத் தோட்டாவாக ஏற்றுக்கொண்டன. இந்திய ராணுவத்தின் இன்சாஸ் சுடுவதும் இதே 5.56 தோட்டாதான். இவ்வளவு பெரிய படை பின்னால் நிற்கும்போது .222 எப்படித் தாக்குப் பிடிக்கும்? துல்லியத்தில் தோற்று .222 ஒதுங்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஒப்பீடு பாதி தெளிவாகிவிடும்.

பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது

.222-இன் வழக்கமான கடைத் தோட்டாவில் 50 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு, குழல் வாயில் நொடிக்கு 3,140 அடி வேகம். .223-இன் வழக்கமான தோட்டாவில் 55 கிரெயின், 3,240 அடி. நூறு அடி வித்தியாசம்தானா என்று கேட்கலாம், ஆனால் குண்டின் எடையும் ஐந்து கிரெயின் கூடியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே எடையை வைத்துப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு: 55 கிரெயின் குண்டை .222 சுமார் 3,020 அடி வேகத்தில் அனுப்பும். ஆக உண்மையான இடைவெளி 220 அடி.

ஆற்றலில் பார்த்தால் குழல் வாயில் .222-க்கு 1,094 அடி-பவுண்டு, .223-க்கு 1,282. முந்நூறு கெஜத்தில் 321-க்கு 443. அந்தத் தூரத்தில் .223 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் கொண்டு போகிறது, இது கண்டிப்பாகச் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம். குண்டு கீழே இறங்கும் அளவில் அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. இருநூறு கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரி செய்து வைத்துவிட்டு முந்நூறில் சுட்டால் இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு அங்குலம் தான் வரும். இருநூறு கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு நடைமுறையில் இரண்டும் ஒன்றே என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த எண்களை அப்படியே உங்கள் ரைஃபிளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலை இவற்றை 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் வேகம் குறையும், எவ்வளவு என்று வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இது வெறும் ஆர்வத்துக்காகச் செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் ரோ என்ற சிறிய வகை மானைச் சுட 50 கிரெயினுக்குக் குறையாத குண்டும், 1,000 அடி-பவுண்டு ஆற்றலும், 2,450 அடி வேகமும் சட்டப்படி வேண்டும். 50 கிரெயின் குண்டு 1,000 அடி-பவுண்டைத் தொட 3,000 அடி வேகத்தைத் தாண்டியாக வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் 3,140 என்று இருக்கும் .222 குட்டைக் குழலில் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட வாய்ப்பு இருக்கிறது. அதே இடத்தில் .223 கவலையில்லாமல் தாண்டிப் போகும். ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டர் தூரத்தில் 1,000 ஜூல் வேண்டும் என்பது விதி, அங்கேயும் .222 தோட்டாவைப் பொறுத்து இழுபறிதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மானுக்கு இந்த இரண்டுமே கூடாது. கொலராடோவில் .24 காலிபராவது இருக்க வேண்டும், வர்ஜீனியாவில் .23. ஆகவே வேட்டைக்கு என்றால் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு தோட்டாவைப் பாருங்கள்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழில் தரத்தில் .222-இன் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு, .223-க்கு 55,000. கூட்டுக்குள் கொள்ளும் இடம் .222-இல் சுமார் 27 கிரெயின் தண்ணீர், .223-இல் சுமார் 29. இவ்வளவு சின்ன வித்தியாசத்திலிருந்துதான் அந்த 220 அடி வருகிறது.

முறுக்கு: இங்கேதான் முடிவு இருக்கிறது

குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றுகின்றன. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதுதான் முறுக்கு. வேகமாகச் சுற்றாத பம்பரம் தலையாட்டிச் சாய்வது போல, போதுமான சுழற்சி இல்லாத குண்டு காற்றில் தள்ளாடும், இலக்குத் தாளில் வட்டமாக விழாமல் பக்கவாட்டில் சாவித் துவாரம் மாதிரி கிழித்துக்கொண்டு போகும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது குண்டின் நீளம். எடையைச் சொல்லியே நாம் பேசிப் பழகிவிட்டோம், ஏனென்றால் ஈயக் குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடும்.

.222 ரைஃபிள்கள் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 50 கிரெயினுக்கு அருமை, 55 கிரெயின் தட்டையடிக் குண்டு வரை சமாளிக்கும், அதற்கு மேல் நம்பிக்கை இல்லை. .223 ரைஃபிள்களில் 12, 9, 8, 7 என்று எல்லா முறுக்கும் வரும். 8 அங்குல முறுக்கு 77 கிரெயின் போட்டிக் குண்டைக் கூடச் சரியாகச் சுழற்றும். காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் குறிக்கும் எண் சாதாரண 55 கிரெயின் குண்டுக்கு 0.25 அளவில் இருக்கும், 77 கிரெயினுக்கு 0.37 வரை போகும். அறுநூறு கெஜத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது இந்த இரண்டு எண்களின் அர்த்தம் புரியும். 1990களில் அமெரிக்காவின் கேம்ப் பெர்ரி போட்டிகளில் எம்14 வகை ரைஃபிள்களை ஏஆர்-15 ஓரம் கட்டியதற்கு, அறுநூறு கெஜத்தில் ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுட்ட 80 கிரெயின் நீளக் குண்டு ஒரு முக்கியக் காரணம். இந்த வேலையை 14 அங்குல முறுக்குள்ள .222-ஆல் செய்யவே முடியாது.

கவனியுங்கள், இது கூட்டின் குறை இல்லை, குழலின் குறை. ஆரம்ப கால ஏஆர்-15 ரைஃபிள்களுக்கும் .222 வழியில் 14 அங்குல முறுக்குதான் இருந்தது. கடும் குளிரில் காற்று அடர்த்தியாகும்போது 55 கிரெயின் குண்டே தள்ளாடுவதைச் சோதனைகளில் பார்த்த பிறகுதான் 1963-இல் 12 அங்குலமாக மாற்றினார்கள். அதாவது அன்றைய .223-உம் இன்றைய .222-உம் ஒரே விலங்கோடுதான் இருந்தன. ஒன்றுக்கு ராணுவம் அந்த விலங்கைக் கழற்றிவிட்டது, மற்றதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

உங்கள் குழலின் முறுக்கை அளப்பது சுலபம். முதலில் ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சேம்பருக்குள் விரல் விட்டே பாருங்கள். போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குள் தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பி ஒன்றில் இறுக்கமாகத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு கோடும், கம்பி குழலுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு அடையாளமும் போடுங்கள். மெதுவாகத் தள்ளும்போது கம்பி தானாகச் சுழலும். மேலே இருந்த கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள், துணி வழுக்கினால் அளவு தப்பும். .223 என்று நினைத்து வாங்கிய பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் 12 அங்குலம் என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த ரைஃபிள் கிட்டத்தட்ட ஒரு .222-ஐப் போலத்தான் நடந்துகொள்ளும், 77 கிரெயின் கனவை விட்டுவிடலாம்.

இப்போது ஈயம் இல்லாத குண்டுகளின் விஷயம். இது .222 வைத்திருப்பவர்களை நேராகப் பாதிக்கிறது, ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது, டென்மார்க்கில் 2024 முதல் ரைஃபிள் குண்டிலும் தடை. செம்பு ஈயத்தை விட லேசானது, எனவே அதே 50 கிரெயினைச் செம்பில் செய்தால் குண்டு நீண்டுவிடும். நீண்டால் 14 அங்குல முறுக்கு போதாமல் தள்ளாடத் தொடங்கும். எடையைக் குறைத்து 40 கிரெயின் பக்கம் போகலாம், ஆனால் 50 கிரெயின் கட்டாயம் என்று சட்டம் சொல்லும் இடத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆக ஈயத்தடை உள்ள ஊரில் மான் வேட்டைக்கு என்றே வாங்குகிறீர்கள் என்றால், எவ்வளவு அழகான விக்சனாக இருந்தாலும் சரி, 14 அங்குலக் குழலுள்ள .222 வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சொல்லும்போது மனம் வலிக்கிறது, ஆனாலும் அதுதான் நிலைமை.

துல்லியம்: பெயரைக் கேட்டு ஏமாறாமல் சோதிப்பது

.222 பிறவியிலேயே துல்லியமானது என்பார்கள். நீண்ட கழுத்து குண்டை நேராகப் பிடித்துக்கொள்கிறது, மிதமான அழுத்தம், மென்மையான உதைப்பு என்று காரணங்களும் சொல்வார்கள். .223-இன் கழுத்து 5.16 மில்லிமீட்டர், குண்டின் விட்டத்தை விடச் சிறியது. பழைய வடிவமைப்பாளர்கள் இதை விரும்ப மாட்டார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் இரண்டு வேட்டை ரைஃபிள்களை வைத்துக்கொண்டு இந்தக் கழுத்து நீளத்தின் விளைவைத் தாளில் காட்ட யாராலும் முடியாது என்று நான் நம்புகிறேன். குழலின் தரம், ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டையில்) அது உட்கார்ந்திருக்கும் விதம், டிரிகர், தோட்டா, சுடுகிறவரின் மூச்சு எல்லாம் அதை விடப் பெரிய காரணங்கள். .222-க்குப் பெயர் வந்த காலத்தில் நல்ல குழல்களும் நல்ல கைகளும் அதைச் சுற்றித்தான் இருந்தன.

சோதிக்க விரும்பினால் இரண்டு ரைஃபிளையும் தனித்தனி நாட்களில், ஆனால் காற்று அடங்கிய ஒரே மாதிரி காலை வேளைகளில், ஒரே மேசையிலிருந்து, முடிந்தால் ஒரே ஸ்கோப்பை மாற்றி மாட்டிச் சுடுங்கள். ஐந்து குண்டுகள் ஒரு குழு, குறைந்தது ஐந்து குழுக்கள், நடுவில் குழல் ஆற நேரம் கொடுங்கள். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து ஐந்து குழுக்களின் சராசரியை எடுங்கள். சிறந்த குழுவைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுவது சந்தோஷம்தான், ஆனால் ரைஃபிளைப் பற்றி உண்மை சொல்வது சராசரி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வகைத் தோட்டாவாவது போட்டுப் பாருங்கள், ஒரே வகையை வைத்துக் குழலுக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

தோட்டா கிடைப்பதும், வீட்டில் நிரப்புவதும்

.223 தோட்டாவை 40 கிரெயினிலிருந்து 77 கிரெயின் வரை, மலிவான பயிற்சித் தோட்டா முதல் போட்டித் தோட்டா வரை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் செய்கின்றன. .222-ஐ ஹார்னடி, சாகோ, நார்மா, செல்லியர் அண்ட் பெல்லோ, ஃபியோக்கி போன்றவர்கள் இன்னும் செய்கிறார்கள், ஆனால் வகைகள் குறைவு, விலையும் கூட. அமெரிக்காவில் 2020-21 தட்டுப்பாட்டின்போது .223 அலமாரிகள்தான் முதலில் காலியாயின என்றாலும் தொழிற்சாலைகள் மறுபடி நிரப்பியதும் அதைத்தான் முதலில். .222 மாதிரி பழைய தோட்டாக்கள் வரிசையின் கடைசியில் நின்றன.

ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் வேறு. பிரான்ஸ் போன்ற நாடுகளில் ராணுவத் தோட்டாக்களைப் பொதுமக்கள் வைத்திருக்க நீண்ட காலம் கட்டுப்பாடு இருந்ததால் .223 வேண்டியவர்களும் .222-க்குப் போனார்கள். ருகர் தன் மினி-14-ஐ .222-இலும் செய்து ஏற்றுமதி செய்தது இப்படிப்பட்ட சந்தைகளுக்காகத்தான். நார்டிக் நாடுகளில் ரோ மானுக்கும் காட்டுக்கோழிக்கும் .222 நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது, டிக்கா டி3எக்ஸ் அதில் இன்றும் வருகிறது. எனவே ஐரோப்பியக் கடையில் .222 தோட்டா கேட்டால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று தெரிந்துகொள்ள ரைஃபிள் வாங்கும் முன் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று கடைகளுக்குப் போய் அலமாரியைப் பாருங்கள், இணையத்தில் இருக்கும் விலைப்பட்டியலை விட அது சரியான பதிலைச் சொல்லும்.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு .222 ஒரு வரம். கூடு நீண்ட நாள் உழைக்கும், ஐஎம்ஆர் 4198 மருந்தும் 50 கிரெயின் குண்டும் பல பத்தாண்டுகளாகச் சோதித்துத் தேறிய ஜோடி. மருந்தின் அளவை மட்டும் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்தே எடுங்கள், யாரோ சொன்ன அளவைப் போடாதீர்கள். .223-இன் கையேட்டு அளவை .222-இல் ஒருபோதும் போடக் கூடாது. கூடும் சின்னது, அழுத்த வரம்பும் கீழே.

.223 கூட்டை .222 டையில் (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சில்) அழுத்தி, நீளத்தை வெட்டி .222 ஆக்கலாம், பலர் செய்கிறார்கள். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய கூட்டின் தோள் பகுதி புதிய கழுத்தாக மாறுவதால் கழுத்துச் சுவர் தடித்துவிடும். குண்டு வைத்த பிறகு சேம்பரில் கழுத்து விரிய இடம் இல்லையென்றால் அழுத்தம் எகிறும், எனவே கழுத்தின் வெளி விட்டத்தை அளந்து தேவைப்பட்டால் கடைய வேண்டும். அப்புறம், அந்தக் கூட்டின் அடியில் 223 என்ற முத்திரை அப்படியே இருக்கும். வேறு யாராவது அதை எடுத்து .223 ரைஃபிளில் போட்டால் ஆரம்பத்தில் சொன்ன அதே விபத்துதான். என்னைக் கேட்டால், புதுக் கூடு கடையில் கிடைக்கிற காலமெல்லாம் இந்த வேலைக்கே போக வேண்டாம்.

.223 பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். ராணுவ 5.56 சேம்பரில் குண்டு பள்ளங்களைத் தொடும் முன் கடக்கும் தூரம் அதிகம், .223 சேம்பரில் குறைவு. 5.56 என்று குறித்த குழலில் .223 தோட்டாவைச் சுடலாம். .223 என்று மட்டும் குறித்த குழலில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடுவதைத் தவிருங்கள், அழுத்தம் கூட வாய்ப்புண்டு. வைல்ட் சேம்பர் என்று குறித்திருந்தால் இரண்டுக்கும் ஏற்றது.

சரி, எதை எடுப்பது

புதிதாக ஒரே ஒரு ரைஃபிள் வாங்குகிறீர்கள், பயிற்சிக்கும் வேண்டும், நானூறு கெஜத்துக்கு மேலும் சுட ஆசை இருக்கிறது என்றால் 8 அங்குல முறுக்குள்ள .223 வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பிரெய்ரி டாக், கிரவுண்ட்ஹாக் மாதிரி சிறிய பிராணிகளுக்கு மட்டும், இருநூறு இருநூற்றைம்பது கெஜத்துக்குள் என்றால் இரண்டும் சமம், கைக்குப் பிடித்த ரைஃபிளை எடுங்கள். வீட்டில் ஏற்கெனவே நல்ல .222 இருக்கிறது என்றால் அதை விற்று .223 வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அதன் சேம்பரைக் குடைந்து .223 ஆக்குவதில் சுத்தமாக உடன்பாடில்லை. முறுக்கு அதே 14 அங்குலமாகவே இருக்கும், கிடைப்பது கொஞ்சம் வேகமும் மலிவான தோட்டாவும் மட்டும். போவது ஒரு முழுமையான .222, மறுவிற்பனை மதிப்பும் அதோடு போகும். கனமான குண்டு வேண்டும் என்றால் குழலையே மாற்றுங்கள். விக்சன் ஆக்‌ஷன் .223-இலும் வந்ததுதான், புதிய குழல் அதற்குப் பொருந்தும்.

பழைய .222-ஐப் பார்க்கப் போகும்போது குழல் வாயின் விளிம்பை விரலால் தடவி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சின்ன நெளிவு கூடத் துல்லியத்தைக் கெடுக்கும். சேம்பருக்கு முன்னால் பள்ளங்கள் தொடங்கும் இடத்தைப் போர்ஸ்கோப்பில் (குழலுக்குள் பார்க்கும் கருவியில்) பாருங்கள், அங்கே முதலைத் தோல் மாதிரி வெடிப்பு தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். முறுக்கை அங்கேயே அளக்க அனுமதி கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்க முடிவு செய்துவிட்டால் ரைஃபிளுக்குப் பணம் கட்டும் அன்றே நூறு இருநூறு நல்ல கூடுகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒரே நிறுவனத்தின் ஒரே தயாரிப்பு வரிசையில் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த வருடம் அதே கூடு அதே கடையில் இருக்கும் என்று .222 விஷயத்தில் நம்பி இருக்க முடியாது.